இன்சுலின் இருந்தும் வேலை செய்யாத கதை: அரை நூற்றாண்டு தாமதித்த ஓர் உண்மை

1980 களின் நடுப்பகுதியில், நான் கடமையாற்றிய பத்திரிகையின் ஞாயிறு இதழுக்கு நீரிழிவு பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கணையம் இன்சுலினைச் சுரக்கத் தவறுவதனாலேயே 'சீனி வருத்தம்' ஏற்படுகிறது என்றும், இரத்தத்தில் சீனியின் அளவு சரியாக இருப்பவர்கள் இந்த நோயைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்றும் அதில் குறிப்பிட்டிருந்தேன். கைக்கெட்டிய இரண்டு ஆங்கிலப் புத்தகங்களை வைத்துக்கொண்டு எழுதிய கட்டுரை அது. பாராட்டுக் கடிதங்கள் பல வந்தன. எனது மூத்த சகோதரர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, தனது வைத்திய அறிக்கைகளை வைத்திருந்த கோவையில் சேர்த்துக்கொண்டார்.

அக்கட்டுரை தவறானது. அதில் பிழை இருந்தது என்பதை விட, நான் அதை எழுதிய வேளையில் சரியான செய்தி அச்சில் வெளிவந்து ஏறத்தாழ ஐம்பது வருடங்கள் ஆகியிருந்தன என்பதே என்னை உறுத்துகிறது. பத்திரிகைகளில் பிழை நேர்ந்தால் உட்பக்கத்தின் அடியில் 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு வரி போட்டு முடித்துக்கொள்வோம். இந்தத் தவறுக்கு ஒரு வரி போதாது.

கதை இன்சுலினின் மகத்தான வெற்றியுடன் ஆரம்பிக்கிறது. 1889 ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வொன் மேரிங் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அந்த நாய்க்கு நீரிழிவு ஏற்பட்டதைக் கண்டார்கள். கணையத்தில் உள்ள ஏதோ ஒன்று சீனியைக் கட்டுப்படுத்துகிறது என்பது அன்றே தெளிவாயிற்று. அந்த ஏதோ ஒன்றைப் பிரித்தெடுக்க மேலும் முப்பதுக்கும் அதிகமான வருடங்கள் சென்றன. 1921 ஆம் ஆண்டு கோடை காலத்தில் கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பிரெட்ரிக் பான்டிங்கும் அவருக்கு உதவியாக இருந்த மாணவர் சார்ள்ஸ் பெஸ்ட்டும் அதில் இறங்கினார்கள். 1922 ஜனவரி 11 ஆம் திகதி, மரணத்தை நெருங்கிக் கொண்டிருந்த லெனார்ட் தொம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதலாவது ஊசி ஏற்றப்பட்டது. அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஜேம்ஸ் கொலிப் என்ற உயிர் இரசாயனவியலாளர் தூய்மைப்படுத்திக் கொடுத்த சாற்றை 23 ஆம் திகதி முதல் ஏற்றியபோது சிறுவன் தேறத் தொடங்கினான். அடுத்த வருடமே பான்டிங்குக்கும் ஆய்வுகூடத் தலைவர் மக்லியொட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதுவரை, பட்டினிக்கு ஒப்பான உணவுக் கட்டுப்பாட்டில் எலும்பும் தோலுமாகிச் செத்துக் கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து நடமாடியதை உலகம் கண்டது. அத்தகையதொரு காட்சிக்குப் பின்னர் நீரிழிவு என்றால் இன்சுலின் இல்லாமை, இன்சுலின் இல்லாமை என்றால் நீரிழிவு என்ற சமன்பாட்டைக் கேள்விக்கு உட்படுத்த யாருக்குத்தான் மனம் வரும்?

ஒருவருக்கு வந்தது. லண்டன் யுனிவர்சிற்றி கொலிஜ் வைத்தியசாலையில் பணியாற்றிய ஹரோல்ட் ஹிம்ஸ்வேர்த் செய்த பரிசோதனை மிகவும் எளிமையானது. நோயாளிக்கு குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, அதே வேளையில் நாளத்தின் ஊடாக இன்சுலினையும் செலுத்தினார். பின்னர் சிறிது சிறிதான இடைவெளியில் இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்த்தார். சிலரில், செலுத்திய இன்சுலின் குடித்த சீனியை அடக்கிவிட்டது. வேறு சிலரில், அதே அளவு இன்சுலின் ஏறியும் அது ஏறாதது போலவே சீனி உயர்ந்து சென்றது.

முதலாவது வகையினர் பெரும்பாலும் இளையவர்கள், மெலிந்தவர்கள். நோய் அவர்களைத் திடீரெனத் தாக்கியிருந்தது. இரண்டாவது வகையினர் வயது கூடியவர்கள், பலர் பருமனானவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள். நோய் எப்போது தொடங்கியது என்று அவர்களுக்கே தெரியாது. இவ்விரண்டும் வேறு வேறு நோய்கள் என்றும், இரண்டாவது வகையினருக்கு இன்சுலின் பற்றாக்குறையை விட, உடல் அதற்கு உணர்ச்சியற்றுப் போயிருப்பதே பிரச்சினை என்றும் 1936 ஆம் ஆண்டு 'லான்செற்' மருத்துவ சஞ்சிகையில் அவர் எழுதினார். அப்போது அவருக்கு வயது 30.

அந்தக் கட்டுரை பெரிய சலசலப்பை ஏற்படுத்தவில்லை. அதற்கான காரணங்களில் முக்கியமானது, ஹிம்ஸ்வேர்த் கூறியதை நிரூபிக்க அன்று வழி இருக்கவில்லை என்பதாகும். இரத்தத்தில் சீனியை அளக்கலாம். இன்சுலினை நம்பகமாக அளக்க முடியாது. அது இருக்கும் அளவு அவ்வளவு சொற்பம். ஆகவே, 'இந்த நோயாளியிடம் இன்சுலின் இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை' என்று சொன்னால் 'இருப்பதைக் காட்டும் பார்க்கலாம்' என்று கேட்பவருக்குப் பதில் இல்லை. ஹிம்ஸ்வேர்த்தும் பின்னர் ஈரல் நோய்களின் பக்கம் திரும்பினார். 1949 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் செயலாளராகி, சுமார் இருபது வருடங்கள் நிர்வாகத்தில் கழித்தார்.

அந்தப் பதில், நியூயோர்க்கின் புரோன்க்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் படைவீரர் வைத்தியசாலையில் இருந்து வந்தது. ரொசலின் யலோ ஒரு பௌதிகவியலாளர். பெண் என்பதனால் மேற்படிப்புக்கு இடம் கிடைக்குமோ என்ற ஐயத்தில் சுருக்கெழுத்துப் பழகி, ஒரு பேராசிரியருக்குச் செயலாளராக வேலை பார்க்க ஆயத்தமானவர். அந்த வைத்தியசாலையில் துப்புரவுப் பொருட்கள் வைக்கும் ஒரு சிற்றறையையே ஆய்வுகூடமாக மாற்றிக்கொண்டார். 1950 ஆம் ஆண்டு சொலமன் பேர்சன் என்ற வைத்தியர் அவருடன் இணைந்தார். இருபது வருடங்களுக்கும் மேலாக நீடித்த கூட்டு அது.

வயது வந்தவர்களின் நீரிழிவில் இன்சுலின் வழமையை விட வேகமாக அழிக்கப்படுகிறது என்று அக்காலத்தில் ஒரு கருத்து இருந்தது. அதைச் சோதிப்பதற்காக அவர்கள் கதிரியக்க அயடின் ஒட்டப்பட்ட இன்சுலினை நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். விளைவு நேர்மாறாக இருந்தது. முன்னர் இன்சுலின் ஊசி ஏற்றிக்கொண்டவர்களின் இரத்தத்தில் அது நீண்ட நேரம் தங்கியது. உடல் இன்சுலினுக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்கி, அவை அதைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று இருவரும் முடிவு செய்தார்கள். இன்சுலின் போன்ற சிறிய மூலக்கூறுக்கு அவ்வாறு நடக்காது என்பது அன்றைய நிபுணர்களின் நம்பிக்கை. கட்டுரை நிராகரிக்கப்பட்டது. 'பிறபொருளெதிரி' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து நீக்கிய பிறகே 1956 இல் அது பிரசுரமானது. யலோ அந்த நிராகரிப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து, 1977 ஆம் ஆண்டு தனது நோபல் உரையில் உலகத்துக்குக் காட்டினார். ஆசிரிய பீடங்களில் வாழ்நாளைக் கழித்த என் போன்றவர்களுக்கு அது ஒரு சங்கடமான காட்சி. எத்தனை பேருடைய கட்டுரைகளை நாம் திருப்பி அனுப்பியிருப்போம்!

அந்தப் பிறபொருளெதிரிகளையே அளவுகோலாகப் பயன்படுத்தி, இரத்தத்தில் உள்ள மிக நுண்ணிய அளவு இன்சுலினைக் கூட அளக்கும் முறையை யலோவும் பேர்சனும் உருவாக்கினார்கள். 1960 ஆம் ஆண்டு வெளியான அவர்களது முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. வயது வந்த பின்னர் நீரிழிவு தோன்றியவர்களின் இரத்தத்தில் இன்சுலின் இல்லாமல் இல்லை. நோயின் ஆரம்ப கட்டத்தில் இருந்த பலரில், சுகதேகிகளை விடவும் அதிகமாக இருந்தது. ஹிம்ஸ்வேர்த் கூறியதற்கு 24 வருடங்களின் பின்னர் சாட்சியம் கிடைத்தது. பேர்சன் 1972 இல் காலமாகிவிட்டதனால் நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும்.

உடலினுள் உண்மையில் நடப்பது என்ன? நாம் சோறோ பாணோ இடியப்பமோ உண்டதும் இரத்தத்தில் சீனி ஏறுகிறது. கணையம் இன்சுலினை வெளிவிடுகிறது. அது தசைகளிடம் 'இதை எடுத்துக்கொள்' என்றும், ஈரலிடம் 'நீ இப்போது சீனியை வெளிவிடாதே' என்றும், கொழுப்புக் கலங்களிடம் 'கொழுப்பை அவிழ்க்காதே' என்றும் சொல்கிறது. தசைகளிலும் ஈரலிலும் கொழுப்பு படியத் தொடங்கும்போது இந்தச் சொல் எடுபடாமல் போகிறது. தசை போதிய அளவு சீனியை உள்ளே எடுப்பதில்லை. ஈரல் சீனியை வெளிவிடுவதை நிறுத்துவதில்லை. கணையம் அதற்கு ஈடுகொடுக்க மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது.

எங்கள் அச்சுக்கூடத்தில் ஓர் இயந்திரம் பழுதடைந்தால் மற்றதை இரவு முழுவதும் ஓட்டி, ஊழியர்களுக்கு மேலதிக நேரக் கொடுப்பனவும் கொடுத்து, விடியும் முன்னர் பத்திரிகையை வெளியிட்டு விடுவோம். கடையில் வாங்கும் வாசகருக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது. கணையமும் அப்படித்தான். அது மேலதிக நேரம் வேலை செய்யும் வரை இரத்தப் பரிசோதனை அறிக்கையில் சீனி 'சரியாகவே' இருக்கும். இந்த நிலை பத்துப் பதினைந்து வருடங்கள் கூட நீடிக்கலாம். கணையம் களைத்துப் போகும் நாளில்தான் வைத்தியர் 'உங்களுக்குச் சீனி வந்துவிட்டது' என்கிறார்.

தமிழில் இதற்கு 'இன்சுலின் எதிர்ப்பு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. எதிர்ப்பு என்றதும் ஊர்வலமும் கோஷமும்தான் எமக்கு நினைவுக்கு வரும். இங்கு யாரும் கோஷம் எழுப்புவதில்லை. சொன்னது காதில் விழுவதில்லை, அவ்வளவுதான். 'செவிசாயாமை' என்பது பொருத்தமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். எனினும் வழக்கில் வந்துவிட்ட சொல்லை மாற்ற முடியாது.

யலோவின் கண்டுபிடிப்புக்குப் பிறகும் விடயம் ஆய்வுகூடங்களுக்குள்தான் இருந்தது. அதை வெளியே கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரால்ட் ரீவன். 1988 ஆம் ஆண்டு, பான்டிங்கின் பெயரால் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வருடாந்தம் நடத்தும் விருதுரையை ஆற்றியபோது அவர் சொன்னவற்றில் இரண்டு விடயங்கள் முக்கியமானவை. முதலாவது, பருமன் அற்றவர்களாகவும் குளுக்கோஸ் பரிசோதனையில் எந்தக் குறையும் இல்லாதவர்களாகவும் இருப்பவர்களிலும் சுமார் 25 சதவீதமானோருக்கு இன்சுலின் எதிர்ப்பு உண்டு என்பது. இரண்டாவது, அத்தகையவர்களுக்கு இரத்த அழுத்தம் கூடுதல், ட்ரைகிளிசரைட் என்னும் கொழுப்பு கூடுதல், நல்ல கொலஸ்ட்ரோல் எனப்படுவது குறைதல் ஆகியவை ஒன்றுசேர்ந்து வருகின்றன, இதய நோய்க்கு இந்தச் சேர்க்கை வழிவகுக்கிறது என்பது. இதற்கு அவர் 'சின்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரிட்டார். பின்னர் இது வளர்சிதை மாற்ற நோய்க்கூட்டு என்று அழைக்கப்படலாயிற்று. அதை ஒரு தனி நோயாகக் கொள்ளலாமா என்று நிபுணர்கள் சச்சரவுபட்டது வேறு கதை.

1988 இல் அந்த உரை பற்றி எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் செய்திமேசையில் அந்த வருடம் வேறு கவலைகள் இருந்தன.

எனது சகோதரர் 1999 ஆம் ஆண்டு, தமது 61 ஆவது வயதில் மாரடைப்பினால் காலமானார். கைகால்கள் மெலிந்த மனிதர். வயிறு மாத்திரம் சற்று முன் தள்ளியிருக்கும். வருடந்தோறும் வெறும் வயிற்றில் சீனி பார்ப்பார், 'சீனி இல்லை' என்று சந்தோசமாகத் தொலைபேசியில் சொல்வார். நடக்கச் சொல்லி நான் ஒருமுறை வற்புறுத்தியபோது, "நீ தானே எழுதினனீ, சீனி சரியெண்டால் பயமில்லை எண்டு" என்று சிரித்தார். அவர் போன பின்னர் அந்தக் கோவை என்னிடம் வந்தது. நான் ஓய்வு பெற்று, ரீவனின் உரையை வாசித்த பிறகே அதைத் திறந்து பார்த்தேன். ஐந்து வருட அறிக்கைகள். சீனி ஒவ்வொரு வருடமும் எல்லைக்குள். ட்ரைகிளிசரைட் ஒவ்வொரு வருடமும் எல்லைக்கு மேல். நல்ல கொலஸ்ட்ரோல் எல்லைக்குக் கீழ். அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்த குறிப்பு வேறு. இவற்றால்தான் அவருக்கு அது நேர்ந்தது என்று அடித்துக் கூற எனக்குத் தகுதியில்லை. ஆனால் ரீவன் சொன்ன நான்கு வரிகளும் அந்தக் கடதாசிகளில் இருந்தன. அவற்றுக்கு மேலே எனது கட்டுரை இருந்தது.

மெலிந்தவருக்கு இது ஏன் வரவேண்டும் என்ற கேள்வி எம்மவர்களுக்கு மிகவும் முக்கியமானது. லண்டனின் சவுத்தோல் பகுதியை மையமாகக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 1991 ஆம் ஆண்டு 'லான்செற்' சஞ்சிகையில் வெளியாயின. அங்கு வாழ்ந்த தெற்காசியர்களிடையே நீரிழிவு, ஐரோப்பியர்களை விட ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. வயிற்றைச் சுற்றிய கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் அதனுடன் தொடர்புபட்டிருந்தன. 2004 ஆம் ஆண்டு அதே சஞ்சிகையில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் யுட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு 22.3. ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு ஒன்றையே சொல்கிறது, உடல் வேறொன்றைச் சொல்கிறது. இத்தகைய சான்றுகளின் காரணமாகவே 2005 ஆம் ஆண்டு சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையை ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எனத் தாழ்த்தி நிர்ணயித்தது. ஐரோப்பிய ஆண்களுக்கு அது 94.

இலங்கையில் 2005 - 2006 காலப்பகுதியில் தேசிய மட்டத்திலான ஆய்வொன்று நடத்தப்பட்டது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், அதற்கு முந்திய நிலையில் உள்ளவர்களையும் சேர்த்தால் ஐவரில் ஒருவர் பாதிக்கப்பட்டிருப்பதாகவும் 2008 இல் அதன் முடிவுகள் கூறின. ஒன்பது மாகாணங்களில் ஏழில்தான் அது நடத்தப்பட்டது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. நாட்டின் கணக்கு என்று சொல்லப்பட்டதில் யாழ்ப்பாணத்தவரின் இரத்தமும் மட்டக்களப்பாரின் இரத்தமும் இல்லை.

சரி, இதற்கு என்னதான் செய்வது? இந்த வரலாற்றின் நம்பிக்கையூட்டும் பகுதி இதுவே. சீனாவின் டாச்சிங் நகரில் 1986 இல் 577 பேருடன் தொடங்கிய ஆய்வும், அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு 2002 இல் முடிவு வெளியான ஆய்வும் ஒரே திசையைக் காட்டின. அமெரிக்க ஆய்வில் எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடங்கள் வேகமாக நடப்பதை இலக்காகக் கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதத்தால் குறைந்தது. மெற்போமின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதத்தால் குறைந்தது.

எமக்கு நெருக்கமானது சென்னை ஆய்வு. வைத்தியர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர் 531 பேரை மூன்று வருடங்கள் பின்தொடர்ந்து 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். வழமையான ஆலோசனை மாத்திரம் பெற்றவர்களில் 55 சதவீதமானோருக்கு நீரிழிவு வந்தது. நடை, உணவு மாற்றம் செய்தவர்களில் அது 39.3 சதவீதம். அவர்களது எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. தராசு இறங்கவில்லை என்பதற்காக நடையைக் கைவிடுபவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் சொல்லுக்குக் காத்திராமலே அது சீனியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கணையத்துக்குக் கிடைக்கும் ஓய்வு அது.

மெற்போமின் மாத்திரைக்கும் ஒரு வினோதமான வரலாறு உண்டு. ஐரோப்பாவில் நாட்டு மருந்தாகப் பயன்பட்ட ஒரு செடியின் இரசாயனத்தோடு உறவுடையது அது. தொம்ஸனுக்கு இன்சுலின் ஏற்றிய அதே 1922 ஆம் ஆண்டில் டப்ளினில் ஆக்கப்பட்டது. இன்சுலினின் ஒளியில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1957 இல் பிரெஞ்சு வைத்தியர் ஜான் ஸ்ரேர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்கா அனுமதித்ததோ 1994 இறுதியில்தான். அதன் உறவு மருந்தான பென்போமின், இரத்தத்தில் அமிலம் கூடுதல் என்ற ஆபத்தினால் 1970 களின் பிற்பகுதியில் விலக்கப்பட்டதும் தாமதத்துக்கு ஒரு காரணம். ஈரல் வெளிவிடும் சீனியை மெற்போமின் குறைக்கிறது.

உணவு விடயத்தில் எம்மவரிடையே ஒரு மயக்கம் இருக்கிறது. சீனியை நிறுத்தினால் போதும் என்று ஒரு சாரார். குரக்கன் பிட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று இன்னொரு சாரார். குரக்கனிலும் பெரும்பகுதி மாச்சத்துத்தான். காலையில் பாண், மதியம் கோப்பை நிறையச் சோறு, இரவு இடியப்பம் என்று மூன்று வேளையும் மாவையே உண்டு, கறியையும் இலை வகைகளையும் தொட்டுக்கொள்ளும் பொருளாக வைத்திருக்கிறோம். அந்த விகிதத்தை மாற்ற வேண்டும். பிரித்தானியாவில் 306 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2017 இறுதியில் முடிவு வெளியான ஆய்வில், சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்தவர்களில் 46 சதவீதமானோர் ஒரு வருட முடிவில் மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தனர். அவர்கள் எல்லோரும் நோய் கண்டு ஆறு வருடங்களுக்கு உட்பட்டவர்கள், வைத்தியக் கண்காணிப்பில் இருந்தவர்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் தாமாகவே உணவைத் திடீரெனக் குறைத்தால் சீனி அபாயகரமாக இறங்கிவிடக்கூடும். ஆகவே வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்க வேண்டாம்.

இன்சுலின் எதிர்ப்பைக் கண்டறிய, சாதாரண கிளினிக்குகளில் வழமையாகச் செய்யப்படும் தனிப் பரிசோதனை எதுவும் இன்றும் இல்லை. கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருப்பது ஓர் அடையாளம். கருப்பப்பையைச் சார்ந்த சூலகக் கட்டிகளாலும் ஒழுங்கற்ற மாதவிடாயாலும் அவதியுறும் இளம் பெண்களிடமும், கர்ப்ப காலத்தில் சீனி வந்து போன தாய்மாரிடமும் இது அடிக்கடி காணப்படுகிறது. மற்றப்படி ஒரு தையற்காரரின் நாடாவும், வழமையான இரத்த அறிக்கையும் போதும். அறிக்கை கைக்கு வந்ததும் சீனி இருக்கும் வரியோடு நிறுத்திவிடாமல், ட்ரைகிளிசரைட்டையும் நல்ல கொலஸ்ட்ரோலையும் அழுத்தத்தையும் இடுப்பளவையும் பக்கத்தில் வைத்து உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

எனது இடுப்பளவு ஓய்வு பெற்றபோது 97. இப்போது 91. இரவுச் சாப்பாட்டின் பின்னர் இருபது நிமிடம் நடக்கிறேன். மழை என்றால் விறாந்தையில். சகோதரரின் கோவையில் இருந்து எனது பழைய கட்டுரையை எடுத்துவிட்டேன். இதன் அச்சுப் பிரதியை அதே இடத்தில் வைத்திருக்கிறேன். அந்தக் கோவை இப்போது அவரது மகனிடம் இருக்கிறது. அவனுக்கு வயது 44, மெலிந்தவன், 'சீனி இல்லை'.